பாடம்: வீட்டுக்குக் கதவு, அலுவலகத்துக்கு ஜன்னல்



"என் வீட்டு விஷயத்தை அரசாங்கம் ஏன் நோட்டம் பார்க்கணும்?" "பஞ்சாயத்துக் கணக்கை நான் ஏன் கேட்கக்கூடாது?" இரண்டும் வேற வேற கேள்வி மாதிரி தெரியும். ஆனால் இரண்டுக்கும் ஒரே தீர்ப்பில் பதில் இருக்கு. அதுவும் நம்ம தமிழ்நாட்டு வழக்கு.

தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த ஆட்டோ சங்கர் சிறையில் தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். சில அதிகாரிகளோடு தனக்கு இருந்த தொடர்பும் அதில் உண்டு என்று சொல்லப்பட்டது. அதை வெளியிடக்கூடாது என்று சிறைத்துறை உயர் அதிகாரி நக்கீரன் பத்திரிகைக்குக் கடிதம் அனுப்பினார். ஆசிரியர் ராஜகோபால் உச்சநீதிமன்றம் போனார். 1994 அக்டோபர் 7-ல் தீர்ப்பு வந்தது.

தீர்ப்பு சொன்னது என்ன?

1. குடும்பம், திருமணம், தாய்மை, பிள்ளைகள் படிப்பு எல்லாம் தனிவாழ்க்கை. சம்மதம் இல்லாமல் வெளியிடக்கூடாது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவில் உள்ளதை எழுதலாம். அதிலும் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் பெயர் வரக்கூடாது.

2. அரசு ஊழியர் தன் பதவி வேலையில் செய்ததைப் பற்றி எழுதினால், "இது என் சொந்த விஷயம்" என்று தடுக்க முடியாது. ஆனால் பொய் என்று தெரிந்தே எழுதக்கூடாது.

3. "அவதூறு வரும்" என்று சொல்லி அரசு முன்கூட்டியே தடை போட முடியாது.

2017 ஆகஸ்ட் 24-ல் 9 நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது. 2025 ஜூலை 2-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு போன் ஒட்டுக்கேட்பு உத்தரவை ரத்து செய்தது. பொது அவசரநிலை, பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இல்லாமல், சாதாரணக் குற்றத்தைக் கண்டுபிடிக்க ஒட்டுக்கேட்கக் கூடாது என்றது.

நமக்கு இதில் என்ன?

அண்ணாகிராமம் ஒன்றியத்தில் எந்த ஊரில் ரோடு போட்டாலும் அது நம்ம பணம். எவ்வளவு செலவு, யார் கையெழுத்து என்று தகவல் உரிமைச் சட்டம் 2005-ன்படி 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தரணும். 2023-ல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், "தனிப்பட்ட தகவல்" என்று மறுக்கும் பிரிவை விரிவாக்கிவிட்டது. அப்படி மறுத்தால் சோர்ந்து போகாதீங்க. பொதுநலன் பெரிது என்றால் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கு. அதைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்க.

அதே சமயம் உங்க ஆதார் நகலை யார் கேட்டாலும் கொடுத்துடாதீங்க. எதுக்கு என்று கேளுங்க. கொடுத்தால் காரணத்தையும் தேதியையும் நகலின் மேலேயே எழுதிக் கொடுங்க. போனில் வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதீங்க.

குழுவுக்குள்ளும் இதே முறைதான். சேமிப்பு, கடன் கணக்கு நோட்டு எல்லோர் முன்னாலும் திறந்திருக்கணும். ஒரு சகோதரியின் வீட்டுச் சண்டையும் உடம்பு நோவும் குழுவைத் தாண்டிப் போகக்கூடாது.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்:

• நம்ம ஊரில் எந்தக் கணக்கு இதுவரை நமக்குக் காட்டப்படவில்லை?
• நம்ம ஆதார் நகல் எத்தனை பேரிடம் இருக்கு?
• அடுத்த கிராமசபையில் நாம் கேட்கப்போகும் ஒரு கேள்வி எது? தீர்மான நோட்டில் எழுதி வையுங்க.