அடிப்படை உரிமையும் ஒரு மாதத் தவணையும்



உரிமை என்னும் சொல்லை நாம் அடிக்கடி ஆளுகின்றோம். அரசே அதனை மீறுமிடத்து எங்கே முறையிடுவது என்பதை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. நம்மிற் பலர் பிறந்த இலங்கையைக் கொண்டே இதனை நோக்குவோம்.

1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாத காரணத்தால், அரச எழுதுவினைஞர் கோடீஸ்வரனின் சம்பள ஏற்றம் 1962 இல் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். ஓர் இனத்துக்குப் பாதகமான சட்டத்தைத் தடுத்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவே அவரது ஆதாரம். 1964 இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றமோ மொழி வினாவைத் தொடாமலே, அரச ஊழியர் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காட இயலாதென்றது. 1969 இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் அதனை மறுத்து, சட்டம் செல்லுமா என்பதை ஆராயுமாறு திருப்பி அனுப்பிற்று. விடை வரவேயில்லை. 1972 யாப்பு 29ஆம் பிரிவையே அகற்றிவிட்டது.

1978 யாப்பு நேர்வழி ஒன்றைத் திறந்தது. சித்திரவதை, பாரபட்சம், முறையற்ற கைது முதலியவற்றைப் பொலிசாரோ இராணுவத்தினரோ திணைக்களமோ புரிந்தால், 126ஆம் உறுப்புரையின்படி நேரே உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆயின் ஒரு மாதத்துக்குள் செய்தல் வேண்டும். மகனைத் தேடி முகாம் முகாமாக அலையும் தாய்க்கு ஒரு மாதம் எம்மாத்திரம்! அம்மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, அங்கு விசாரணை நிலுவையிலிருக்கும் காலம் கணக்கிற் சேராது. ஊரிலுள்ள உறவினருக்கு இதனை எழுதுங்கள். முறைப்பாட்டின் பிரதியைத் திகதியுடன் பேணச் சொல்லுங்கள்.

இவ்வழி வீண்போகவில்லை. பொலிஸ் சித்திரவதையால் இறந்தவரின் மனைவி வழக்காடலாம் என்பது 2003 இல் வெளியான தீர்ப்புகளால் உறுதியாயிற்று. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்தில் 10 கோடி ரூபா செலுத்த வேண்டுமென 2023 இல் தீர்ப்பாயிற்று.

எனினும் அதிகாரியின் செயலையே இம்மனு எதிர்க்கும். நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்க்காது. சட்டமூலமாக இருக்கும்போதே அதனை எதிர்த்தல் வேண்டும். பழைய சட்டங்களையோ 16ஆம் உறுப்புரை காக்கின்றது. கோடீஸ்வரன் இன்று வந்தால், சம்பளத்தை நிறுத்திய அதிகாரியைக் கேட்கலாம். அச்சட்டம் செல்லுமா என்று கேட்க முடியாது.

உயர் வகுப்பு மாணவர்கள் 10 முதல் 17 வரையான உறுப்புரைகளைத் தமிழில் வாசித்து வருக. 16ஆவது இருக்க வேண்டுமா என்பதை வகுப்பில் வாதிடுவோம்.