வேகப் படகு: குளத்தில் இறக்கும் முன்

ரிமோட் படகின் வேகத்தைக் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது பேட்டரியில். 7.4 வோல்ட்டிலிருந்து 11.1 வோல்ட்டுக்கு மாறினால் மோட்டாரின் சுழற்சி ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும், சூடும் ஏறும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி அதைத் தாங்குமா என்று, அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும்.

முதல் சோதனைக்குத் தண்ணீர்த் தொட்டி போதும். படகு மூடியின் விளிம்பில் டேப் ஒட்டி, உள்ளே டிஷ்யூ காகிதம் பரப்பிப் பத்து நிமிடம் மிதக்கவிட்டால், எங்கே ஒழுகுகிறது என்பதை ஈரம் காட்டிக்கொடுத்துவிடும். பெரும்பாலும் விசிறித்தண்டு நுழையும் குழாய் வழியாகத்தான் தண்ணீர் வரும். அதில் கிரீஸ் நிரப்ப வேண்டும். முன்பக்கக் காலியிடத்தில் தெர்மாகோல் திணித்தால், படகு கவிழ்ந்தாலும் மூழ்காது.

ஓடும்போது மூக்கு துள்ளுகிறதா? பேட்டரியைச் சற்று முன்னே நகர்த்திப் பார்க்கலாம்.

கரையேறியதும் முதலில் படகை அணைக்க வேண்டும், பிறகே ரிமோட்டை.