காஸ் போடுவதற்கு முன்

அன்புள்ள நித்யா,

திருவல்லிக்கேணி வீட்டு ஏ.சி. குளிரவில்லை, மெக்கானிக் காஸ் போடவேண்டும் என்கிறார், சரி சொல்லட்டுமா என்று கேட்டிருந்தாய். கொஞ்சம் பொறு. முதலில் ஃபில்டரைக் கழற்றிக் கழுவிப் பார்.

காஸ் என்பது பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கடல் பக்கத்தில் இருப்பதால் உப்புக்காற்று அவுட்டோர் யூனிட்டின் சுருள்குழாயை அரித்திருக்கலாம். கசிவைத் தேடி அடைத்த பிறகே நிரப்பச் சொல். தேடுவது அலுப்பான வேலை, அதனால்தான் பலர் நேராக சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். நிரப்பும்போது யூனிட்டின் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்: ஆர்-22 மெஷினில் ஆர்-32 போகக்கூடாது. ஆர்-32 தீப்பற்றக்கூடியதும்கூட.

என் சந்தேகமெல்லாம் ஏ.சி. மேல் இல்லை, வீட்டின் மேல்தான். அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்த காலத்தில் மின்விசிறியும் பல்பும்தான் கணக்கு. ஒன்றரை டன் ஏ.சி. ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். இரவில் தெருவே ஏ.சி. போடும்போது வோல்டேஜ் இறங்கும். மெல்லிய பழைய ஒயரில் இன்னும் இறங்கும். கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுபோனால் அது இதனால்கூட இருக்கலாம். ஸ்டெபிலைசர் வாங்கினால் போதும் என்பார்கள். அது வோல்டேஜை ஏற்றிக்கொடுக்க, அதே ஒயரிலிருந்து இன்னும் அதிகக் கரண்டை இழுக்கும். ஒயர் மேலும் சுடும். மீட்டர் பலகையிலிருந்து தனி லைன், 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், தனி எம்.சி.பி., ஒழுங்கான எர்த்: இவைதான் மருந்து. ப்ளக் சூடாகிறதா, கருகல் வாடை வருகிறதா? உடனே நிறுத்திவிடு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி.யை மாட்டவே மாட்டாதே.

அப்புறம் கூரை. உன் தலைக்கு மேல் இருப்பது மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்திரங்கள்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்கியது. பகலில் வாங்கிய வெயிலை அது இரவெல்லாம் திருப்பித் தரும். உயரம் 12 அடி. 9 அடி அறையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் காற்று. கதவுக்கு மேலுள்ள வென்டிலேட்டரைக் கண்ணாடி வைத்து அடை, மாடியில் வெள்ளைப் பூச்சு அடிக்கச் சொல், மின்விசிறியும் ஓடட்டும். சுவரில் நீர் சொட்டினால் பெரும்பாலும் ட்ரெயின் பைப் அடைப்புதான், ஊதிவிட்டால் போகும்.

தனி லைனுக்கு வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும். இந்த மாத வாடகை கொடுக்கப் போகும்போதே கேட்டுவிடு. செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தால் எழுதி வாங்கிக்கொள்.

அன்புடன்,
மாமா