நாலு பேரோடு நடங்கள்

அக்கா மகன் கல்லூரி விடுதிக்குப் போன முதல் மாதம் ஒரு செய்தி அனுப்பினான்: "லெஃப்ட் 4 டெட் 2 வாங்கிட்டேன் மாமா. சொல்லிக் குடுங்க." அன்று இரவே இறங்கினோம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், சவானா நகரம், ஒரு ஹோட்டலின் மொட்டைமாடி. காப்பாற்ற வந்த ஹெலிகாப்டர்கள் நம்மை விட்டுவிட்டுப் பறந்து போகின்றன. ஊரெல்லாம் ஜாம்பி. "நீங்க மெதுவா வாங்க மாமா, நான் முன்னாடி போய்ப் பாத்துட்டு வர்றேன்" என்று படியிறங்கியவன், நான் ஒரு கதவைத் திறப்பதற்குள் தாழ்வாரக் கோடியில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சின் மேல் ஹன்ட்டர் என்ற ஜாம்பி உட்கார்ந்து கிழித்துக்கொண்டிருந்தது. "சுடவே மாட்டேங்குது மாமா, மவுஸ் போச்சு போல!"

மவுஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வால்வ் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட, நாலு பேர் சேர்ந்து ஆடும் இந்த ஆட்டத்தைக் கட்டியிருக்கும் விதமே அதுதான். ஹன்ட்டர் மேலே பாயும். ஸ்மோக்கர் தூரத்திலிருந்து நாக்கை நீட்டிச் சுருக்குப் போட்டு இழுக்கும். ஜாக்கி தலையில் ஏறி உட்கார்ந்து சவாரி செய்யும். சார்ஜர் தூக்கிக்கொண்டு ஓடி, தரையில் போட்டு அறையும். ஸ்மோக்கர் இழுக்கத் தொடங்கும் ஒரு கணத்தைத் தவிர, இவற்றின் பிடியில் நீங்களே உங்களை விடுவித்துக்கொள்ள வழி கிடையாது. இன்னொருவர் வந்தாக வேண்டும். நன்றாகச் சுடத் தெரிந்தவர்கள்தான் இங்கே முதலில் சாவார்கள். தைரியத்தில் முன்னால் போய்விடுகிறார்கள்.

ஆகவே புதிதாக வருகிறவர் முதலில் பழக வேண்டியது நடை. எவ்வளவு நெருக்கம்? கூட வருகிறவரின் முதுகு கண்ணில் பட வேண்டும், இரண்டு மூன்று நொடியில் ஓடிப்போய் அவரைத் தொட முடிய வேண்டும். அதற்காகப் பந்திக்கு முண்டியடிப்பதுபோல் ஒட்டிக்கொண்டும் போகக் கூடாது. சார்ஜர் அந்தக் கும்பலைத்தான் தேடும். ஒருவரைத் தூக்கும் வேகத்தில் மற்ற மூவரையும் சிதறடிக்கும். ஸ்பிட்டர் துப்பும் பச்சை அமிலமும் அப்படியே. அதில் நிற்க நிற்கச் சேதம் ஏறும் என்பதால், காலடியில் பச்சை தெரிந்தால் சுடுவதை விட்டு முதலில் நகருங்கள்.

குறுகிய வழியில் முன்னால் போகிறவர் குனிந்துகொள்ளட்டும். குனிந்தால் குறி நிலைப்படும், பின்னால் நிற்பவர் தலைக்கு மேலே சுடவும் இடம் கிடைக்கும். நம் குண்டு நம்மாள் மேல் பட்டால் ஈஸி என்ற கடினநிலையில் ஒன்றும் ஆகாது. நார்மலில் குண்டின் சேதத்தில் 10 சதவீதம், அட்வான்ஸ்டில் 30, எக்ஸ்பர்ட்டில் 50. ஈஸியில் தொடங்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். அங்கே பழகியவன் நண்பனின் முதுகு வழியாகவே சுடுவான், அந்தப் பழக்கம் லேசில் போகாது. நார்மலில் சாதாரண ஜாம்பியின் ஓர் அடி 2 புள்ளிதான் எடுக்கும், தாங்கிக்கொள்ளலாம். எக்ஸ்பர்ட்டில் அதே அடி 20. அங்கே போக அவசரம் வேண்டாம்.

புதியவர்கள் மறந்தே போகும் பொத்தான் வலது கிளிக். துப்பாக்கியால் இடித்துத் தள்ளுவது. சூழ்ந்துகொண்ட கூட்டம் ஓர் அடி பின்வாங்கும், அதற்குள் குண்டு மாற்றிக்கொள்ளலாம். தோழன் மேல் ஏறிய ஹன்ட்டரையும் ஜாக்கியையும் சுடவே வேண்டாம், ஓர் இடி போதும். ஸ்மோக்கரின் நாக்கில் மாட்டியவரை இடித்தாலும் விடுபடுவார். சார்ஜரிடம் மட்டும் இது செல்லாது, சுட்டே கொல்ல வேண்டும். பூமர் கிட்டே வந்துவிட்டால் பதறிச் சுடாதீர்கள். வெடித்தால் அதன் கழிசல் நம் மேல்தான். கண்ணும் தெரியாது, ஊர்க் கூட்டமும் வந்து மொய்க்கும். இடித்துத் தள்ளி, நாலடி பின்வாங்கி, பிறகு சுடுங்கள்.

கைத்துப்பாக்கிக்குக் குண்டு தீராது. அதை வைத்துவிட்டு மழுவோ வெட்டுக்கத்தியோ எடுத்துக்கொள்ளலாம். கிரிக்கெட் மட்டைகூட உண்டு. அமெரிக்காவின் தென்கோடியில் அது எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள், எனக்குப் பிடித்த ஆயுதம் அதுதான்.

அடுத்தது காது. ஆடும்போது பின்னணியில் பாட்டு போடாதீர்கள். ஸ்மோக்கர் இருமும், ஜாக்கி பைத்தியம் பிடித்ததுபோல் சிரிக்கும், பூமர் வயிற்றுக்குள் தண்ணீர் உருளுவதுபோல் குமுறும். கண்ணில் படுவதற்கு முன்பே காதில் பட்டுவிடும். டேங்க் என்ற ராட்சத ஜாம்பி வரும்போது இசையே மாறும். கேட்டதை உடனே மைக்கில் சொல்லுங்கள், சுருக்கமாக. "ஏதோ வருதுடா" என்பதால் யாருக்கும் பயனில்லை. "ஜாக்கி, இடது பக்கம்" என்றால் மூன்று துப்பாக்கி இடப்பக்கம் திரும்பும்.

உடம்பின் கணக்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முழு உடம்பு 100 புள்ளி. முதலுதவிப் பெட்டி, இழந்ததில் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். 80 இருக்கும்போது போட்டுக்கொண்டால் 16தான் ஏறும். 30 இருக்கும்போது போட்டால் 56 ஏறி 86 ஆகும். ஒரே பெட்டிதான். மாத்திரை 50 தரும், ஆனால் அது கரைந்துகொண்டே போகும் கடன் மாதிரி. மாத்திரை போட்ட கையோடு பெட்டியையும் பயன்படுத்தினால் மாத்திரை கொடுத்தது அடிபட்டுப் போகும். 40க்குக் கீழே இறங்கினால் ஆள் நொண்டத் தொடங்குவான். கூட்டத்தின் வேகமும் அவனோடு சேர்ந்து நொண்டும். எனவே யார் மாத்திரை வைத்திருக்கிறார் என்பதைவிட யார் நொண்டுகிறார் என்று பாருங்கள். உங்கள் மாத்திரையை அவர் கையில் கொடுக்க முடியும்.

இரண்டு முறை விழலாம், தூக்கிவிடுவார்கள். இரண்டாவது முறை எழுந்தபின் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். அடுத்த விழுகை சாவு. அந்த நிலையில் இருப்பவருக்குத்தான் முதல் பெட்டி. போட்டதும் விழுந்த கணக்கு அழிந்துவிடும். அடுத்த பாதுகாப்பு அறையின் (சேஃப் ரூம்) கதவு கண்ணுக்குத் தெரிந்தால் அதுவரை பொறுங்கள். உள்ளே பெரும்பாலும் நாலு பெட்டி இருக்கும். கையில் இருப்பதைப் போட்டுக்கொண்டு புதிதை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டத்துக்கு ஒரு டைரக்டர் உண்டு. திரைக்குப் பின்னால் இருக்கும் ஒரு நிரலுக்கு வைத்த பெயரே அதுதான். நாலு பேரும் எவ்வளவு அடிபட்டார்கள், எவ்வளவு திணறுகிறார்கள் என்று பார்த்து, சண்டைக் காட்சி எங்கே, இடைவேளை எங்கே என்று அது முடிவு செய்யும். அதனால் ஒரே இடத்தில் இரண்டாம் முறை ஆடும்போது போன முறை வந்தது வராது, மனப்பாடம் உதவாது. ஒரு கூட்டத்தை அடித்து முடித்ததும் கிடைக்கும் அமைதியை மூலை மூலையாகத் தோண்டித் துருவுவதில் செலவழிக்காதீர்கள். நின்ற இடத்திலேயே நின்றால் அடுத்த கூட்டம் வரத்தான் செய்யும். அமைதி என்றால் டைரக்டர் நடக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருப்பதைச் சீண்டக் கூடாது என்பதற்கு இங்கே இரண்டு உதாரணம் உண்டு. விளக்கு மினுக்கும் கார்கள். ஒரு குண்டு பட்டாலும் அலறும், ஊரே ஓடிவரும். தி பாரிஷ் பகுதியில் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் இப்படிப்பட்ட கார்கள் நிறைந்த ஓர் இடம் இருக்கிறது. அங்கே விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு நடப்பதே மேல். இன்னொன்று விட்ச் என்ற பெண் ஜாம்பி. எங்கோ ஒரு பெண் அழும் குரல் கேட்டால் டார்ச்சை அணையுங்கள், சுடாதீர்கள், விலகிப் போங்கள். ஹார்ட் ரெயின் பகுதியில் வரும் சர்க்கரை ஆலையில் இவள் ஒருத்தி இல்லை, பலர்.

டேங்க் வந்தால் மாலடாஃப் (நெருப்புக் குப்பி) வைத்திருப்பவர் எறியட்டும், மற்றவர்கள் திறந்தவெளிக்கு ஓடுங்கள். நார்மலில் அதற்கு 4,000 புள்ளி உடம்பு. நின்று சுட்டு முடிக்க நேரமாகும், நெருப்பு தன் பாட்டுக்குத் தின்னும். முழு உடம்போடு ஓடினால் மயிரிழையில் தப்பலாம். நொண்டுகிறவர் தப்ப முடியாது, அவரைத் துரத்தும்போது மற்ற மூவரும் சுடத்தான் வேண்டும். பைப் பாம் டேங்கிடம் வீண். அது பீப் ஒலிக்கு ஓடும் சாதாரணக் கூட்டத்துக்கு. ஆள் குறைந்தால் இடத்தை நிரப்பும், கணினி இயக்கும் பாட்கள் எதையும் எறியாது, எறிகிற வேலை உங்களுடையது.

சவானா கதை ஒரு வணிக வளாகத்தில் முடிகிறது. லிஃப்ட் கதவு திறந்த கணத்திலிருந்து ஓட்டம்தான். மாடி மாடியாகச் சிதறிக் கிடக்கும் கேன்களிலிருந்து 13 கேன் பெட்ரோலைக் கீழே நிற்கும் பந்தயக் காரில் ஊற்ற வேண்டும். கேனைத் தூக்கினால் சுட முடியாது. எனவே இரண்டிரண்டு பேராகப் போங்கள், ஒருவர் தூக்க ஒருவர் காவல். மேல்மாடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சுமந்து இறங்காமல், கைப்பிடிச் சுவருக்கு மேலே எறிந்து காரருகே குவித்துவிட்டு, பிறகு எல்லாரும் சேர்ந்து நின்று ஊற்றுங்கள். ஸ்பிட்டரின் அமிலம் பட்டால் கேன்கள் எரிந்துபோகும், ஆகவே அந்தக் குவியல் பக்கம் அவளை வரவிடாதீர்கள். ஐந்தாறு ஊற்றியதும் ஒருவருக்கு ஆசை வரும், தூரத்துக் கேனைத் தனியே போய் எடுத்துவர. விடாதீர்கள்.

நாங்கள் அங்கே போனது மூன்றாம் வாரம். அக்கா மகனின் விடுதித் தோழர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். 13ஆவது கேனை ஊற்றும்போது டேங்க் இறங்கியது. தோழர்கள் காரில் ஏறிவிட்டார்கள். ஒரே குத்தில் நான் பத்தடி தள்ளி விழுந்து கிடந்தேன், எனக்கும் காருக்கும் நடுவே டேங்க். அக்கா மகன் ஏறவில்லை. கதவருகே நின்றுகொண்டிருந்தான்.

"மாமா, வரவா?"

தூக்கிவிட 5 நொடி ஆகும். அவன் உடம்பு 22.

"ஏறுடா."

விழுந்து கிடப்பவருக்காகக் கார் காத்திருக்காது. நிற்கிறவர்கள் ஏறினால் கிளம்பிவிடும். ஏறினான். கிளம்பியது. அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் லிஃப்டிலிருந்து தொடங்கினோம், அவன் பிடிவாதம்.