வெளுத்த காருக்கு எந்தச் சிவப்பு?

கேள்வி: என் மாருதி 800, 2004 மாடல், சிவப்பு. கம்பெனி கலர் நம்பரைச் சொல்லி வாங்கிய டச்சப் பெயின்ட்டைக் கதவுக் கீறலில் பூசினால், தனியாகத் துருத்திக்கொண்டு தெரிகிறதே? (வாசகர், காசிமேடு)

பதில்: பெயின்ட் சரிதான், மாறியிருப்பது உங்கள் கார். அந்த நம்பர், வண்டி புதிதாக வந்தபோது இருந்த நிறத்துக்கு உரியது. சிவப்போ வெயிலில் சீக்கிரம் வெளுக்கிற நிறம். ஆகவே பழைய பெயின்ட்டை முதலில் தெளிய வையுங்கள். கதவைக் கழுவி, ரப்பிங் காம்பவுண்டை ஈரத்துணியில் தொட்டு, கீறலைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்குத் தேயுங்கள். துணியில் சிவப்பு ஒட்டினால் நல்ல செய்தி: மேலே கிளியர் கோட் என்னும் நிறமற்ற பூச்சு இல்லை, மங்கிய படலம்தான் கழன்று வருகிறது. பெயின்ட்டே போய்விடாதா என்பீர்கள். விளிம்புகளில் அழுத்தாமல், நிறம் தெளிந்ததும் நிறுத்தினால் போகாது. அப்படியும் பொருந்தாவிட்டால், பெட்ரோல் டேங்க் மூடியையும் அதேபோல் தேய்த்து, கழற்றிக் கலர் கலக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள். கலந்ததை ஒரு துண்டுத் தகரத்தில் பூசி, நன்றாகக் காய்ந்தபின் வெயிலில் வைத்து ஒப்பிடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம் ஏமாற்றும். புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் அதே நிறக் கதவு வாங்கி மாட்டலாமே என்றால், அது வேறொரு வெயிலில் வெளுத்த கதவு.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கீறல் தகரம் வரை போயிருந்தால், உங்கள் ஊர் உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். உப்புத்தாளால் துருவை முழுதும் எடுத்து, பிரைமர் அடித்து, அது காய்ந்தபிறகே கலர்.