படகுத்துறைக்கு வழி

பழைய பயம்

மாராத்தாளுக்கு வயது 48. உடுமலைப்பேட்டை பக்கம் ஒரு சிற்றூர். தென்னந்தோப்பில் வேலை. உழைப்புக்கு அஞ்சாதவள். ஆனால் வெளியூர் என்றால் மட்டும் அவளுக்குப் பயம்.

அதற்குக் காரணம் உண்டு. 20 ஆண்டுகளுக்கு முன் அவள் பழனிக்குப் போனாள். இடுப்பில் குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல். திரும்பும்போது பேருந்தின் பலகையைப் படிக்கத் தெரியவில்லை. யாரையும் கேட்கவும் வெட்கம். கூட்டம் ஏறிய பேருந்தில் தானும் ஏறினாள். அது ஒட்டன்சத்திரம் போகும் பேருந்து. அன்று இரவு முழுவதும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு அவள் தனியாக எங்கும் போனதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரில் எழுத்தறிவு மையம் திறந்தார்கள். மாராத்தாளும் சேர்ந்தாள். இப்போது கூட்டி எழுதுவாள். மெதுவாகப் படிப்பாள். மணி பார்ப்பாள். பேருந்துப் பலகையைத் தானே படித்து ஏறுவாள்.

மகளிர் குழுவில் ஒரு நாள் பேச்சு வந்தது. "இந்த வருஷம் எல்லாரும் கொச்சிக்குப் போலாமா?" என்றாள் குழுத் தலைவி சரசு.

மாராத்தாள் தயங்கினாள். "அங்க எல்லாம் மலையாளமுங்க. நாம படிச்சது தமிழ். அங்க நாம படிக்காதவங்க மாதிரிதானே?"

மையத்தில் சொல்லிக் கொடுக்கும் பெண் சிரித்தாள். "அக்கா, எழுத்து வேறயா இருந்தாலும் எண் ஒன்றுதான். மணி ஒன்றுதான். வாய் இருக்கு, கேட்கலாம். நோட்டு இருக்கு, எழுதலாம்" என்றாள்.

புறப்படும் முன் எல்லோரும் நோட்டில் மூன்று செய்திகளை எழுதிக்கொண்டார்கள். ஒன்று, சரசுவின் கைப்பேசி எண். இரண்டு, திரும்பும் ரயிலின் நேரமும் ரயில் நிலையத்தின் பெயரும். மூன்று, யாராவது தவறிப் போனால் வந்து சேர வேண்டிய இடம். "எர்ணாகுளம் படகுத்துறை, டிக்கெட் கொடுக்கும் இடம், மாலை 5 மணி" என்று மாராத்தாள் எழுதினாள்.

கொச்சி துறைமுகம் ஆன கதை

ஒன்பது பெண்கள் கோயம்புத்தூரில் ரயில் ஏறினார்கள். பாலக்காடு, திருச்சூர், ஆலுவா வழியாக ரயில் எர்ணாகுளம் போய்ச் சேர்ந்தது.

எர்ணாகுளத்தில் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள் உள்ளன. ஒன்று எர்ணாகுளம் ஜங்ஷன். இதைத் தெற்கு நிலையம் என்பார்கள். மற்றொன்று எர்ணாகுளம் டவுன். இது வடக்கு நிலையம். நம் ரயில் எந்த நிலையத்தில் நிற்கும் என்பதை டிக்கெட்டில் படித்துப் பார்க்க வேண்டும். நிலையம் மாறினால் ரயில் போய்விடும்.

கொச்சி ஒரே ஊர் போலத் தெரியும். ஆனால் அது தண்ணீரால் பிரிந்த பல ஊர்கள். கிழக்கே எர்ணாகுளம். மேற்கே கடலோரம் கோட்டைக் கொச்சியும் மட்டாஞ்சேரியும். நடுவில் காயலும் தீவுகளும்.

கொச்சி முற்காலத்தில் பெரிய துறைமுகம் இல்லை. அதற்கு வடக்கே கொடுங்கல்லூர் பக்கம் முசிறி என்ற துறைமுகம் இருந்தது. நம் சங்க இலக்கியத்திலும் முசிறியின் பெயர் வருகிறது. மிளகு வாங்க அங்கே கப்பல்கள் வந்தன. 1341ஆம் ஆண்டு பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. பழைய துறைமுகத்தை மண் மூடியது. கொச்சியில் கடல்வாய் அகலமாகத் திறந்தது என்கிறார்கள். வணிகமும் மெல்ல மெல்லக் கொச்சிக்கு மாறியது.

மிளகைத் தேடிப் பலர் வந்தார்கள். 1500ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தார்கள். 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். கோட்டைக் கொச்சி என்று பெயர் இருக்கிறது. ஆனால் அங்கே கோட்டை இன்று இல்லை. அதன் பெரும்பகுதியை ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

இன்றைய துறைமுகத்தை அமைத்தவர் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர். கடல்வாயில் கிடந்த மணல்திட்டை வெட்டி ஆழமாக்கினார்கள். 1928இல் முதல் பெரிய கப்பல் உள்ளே வந்தது. தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி ஒரு தீவையே உண்டாக்கினார்கள். அதுதான் வில்லிங்டன் தீவு.

படகில் ஒரு காலை

மறுநாள் காலை ஒன்பது பேரும் எர்ணாகுளம் படகுத்துறைக்கு வந்தார்கள். அங்கிருந்து கோட்டைக் கொச்சிக்கு அரசுப் படகு போகிறது. நம் ஊர் டவுன் பஸ் போலத்தான். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் அதில் போகிறார்கள். சில ரூபாய்தான் கட்டணம். இப்போது வாட்டர் மெட்ரோ என்ற மின்சாரப் படகும் ஓடுகிறது. குளிர்சாதன வசதி உண்டு. கட்டணம் சற்றுக் கூடுதல். அது உயர்நீதிமன்றத்துக்கு அருகில் உள்ள வேறு துறையிலிருந்து புறப்படும்.

சரசு டிக்கெட் வாங்கப் போனாள். மாராத்தாள் படகுத்துறையின் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்த்தாள். மலையாள எழுத்து. ஒன்றும் புரியவில்லை. ஆனால் வளைவும் சுழியுமாக இருந்த அந்த எழுத்துகள் அவளுக்குக் கோலம் போலத் தெரிந்தன. தினமும் வாசலில் கோலம் போட்ட கை அல்லவா? நோட்டை எடுத்தாள். பலகையைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக வரைந்தாள்.

"என்னக்கா, மலையாளம் படிக்கிறீங்களா?" என்று கேலி செய்தாள் சரசு.

"படிக்கலீங்க. கோலம் போடறேன்" என்றாள் மாராத்தாள்.

பார்த்த இடங்கள்

முதலில் ஆட்டோவில் மட்டாஞ்சேரிக்குப் போனார்கள். அங்கே ஓர் அரண்மனை உள்ளது. போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது. பின்னால் டச்சுக்காரர் அதைப் பழுது பார்த்தார்கள். அதனால் டச்சு அரண்மனை என்றே பெயர் வந்துவிட்டது. உள்ளே சுவர் முழுவதும் இராமாயண ஓவியங்கள். எழுத்துத் தெரியாதவரும் படிக்கக்கூடிய கதை அது.

பக்கத்தில் யூதர்களின் தொழுகைக்கூடம். 1568இல் கட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். தரையில் நீலமும் வெள்ளையுமாகச் சீன ஓடுகள். எல்லாம் கையால் வரைந்தவை. மேலே கண்ணாடி விளக்குகள். இந்தத் தெருவில் ஒரு காலத்தில் யூதக் குடும்பங்கள் நிறைந்திருந்தன. இஸ்ரேல் நாடு 1948இல் உருவானது. பலரும் அங்கே போய்விட்டார்கள். இன்று கொச்சியில் இருக்கும் யூதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தொழுகைக்கூடத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. அதனால்தான் இவர்கள் செவ்வாய்க்கிழமை வந்தார்கள்.

அடுத்து கோட்டைக் கொச்சியில் புனித பிரான்சிஸ் தேவாலயம். வாஸ்கோ ட காமா என்ற மாலுமியின் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம். கடல் வழியாக இந்தியாவுக்கு வந்தவர். அவர் 1524இல் கொச்சியில் இறந்தார். அவரை இங்கேதான் புதைத்தார்கள். பின்னால் அவர் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். புதைத்த இடத்தின் அடையாளம் மட்டும் இருக்கிறது.

வெளி என்ற பகுதியில் சலவைக்கூடம் ஒன்று உள்ளது. அங்கே துணி வெளுப்பவர்கள் பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். இன்றும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். தேய்ப்புப் பெட்டியோடு நின்ற ஒரு மூதாட்டி, "எந்த ஊரு ஆத்தா?" என்று கேட்டார். மாராத்தாளுக்குச் சொந்த ஊருக்கே வந்தது போல் இருந்தது. அங்கே துணி காயப்போடக் கிளிப் இல்லை. இரண்டு கயிறுகளை முறுக்கி, அந்த முறுக்கில் துணியின் நுனியைச் செருகி விடுகிறார்கள். காற்று அடித்தாலும் துணி விழுவதில்லை.

ஒன்பது பேர் எட்டானார்கள்

மாலை 4 மணி. எல்லோரும் கடற்கரையில் சீன வலைகளைப் பார்த்தார்கள். தேக்கு மரமும் மூங்கிலும் கொண்டு கட்டிய பெரிய வலைகள். வலை ஒரு பக்கம். மறுபக்கம் கயிற்றில் கட்டிய பாறாங்கற்கள். ஓர் ஆள் மரத்தின் மேல் நடந்தால் வலை தண்ணீருக்குள் இறங்குகிறது. நாலைந்து பேர் கயிற்றை இழுத்தால் வலை மேலே வருகிறது.

மாராத்தாள் அசையாமல் நின்று பார்த்தாள். அவள் தாத்தா ஏற்றம் மிதித்தவர். "இது நம்ம ஏற்றம்தானே! அங்க தண்ணி ஏறும், இங்க மீன் ஏறுது" என்றாள்.

யாரும் பதில் சொல்லவில்லை. திரும்பினாள். பக்கத்தில் யாரும் இல்லை.

கடற்கரை முழுவதும் கூட்டம். ஒரு முகமும் தெரிந்த முகம் இல்லை. அவள் கைப்பேசியோ சரசுவின் பையில் இருந்தது. பழனி இரவு நினைவுக்கு வந்தது. கால் நடுங்கியது.

சற்றுத் தூரத்தில் ஒரு பெரிய மிதவைப் படகு நின்றது. ஆட்களும் வண்டிகளும் அதில் ஏறிக்கொண்டிருந்தன. மாராத்தாளும் கூட்டத்தோடு அந்தப் பக்கம் நடந்தாள். திடீரென்று நின்றாள். 'அன்னைக்கும் இப்படித்தானே, கூட்டம் ஏறுதுன்னு ஏறினேன்?' என்று நினைத்தாள்.

பக்கத்தில் ஓர் இளநீர்க் கடை. இந்த முறை அவள் வெட்கப்படவில்லை. நோட்டைத் திறந்து கடைக்காரரிடம் நீட்டினாள். அவர் கோலம் போட்ட பக்கத்தைப் பார்த்தார். சத்தமாக வாசித்தார். "எர்ணாகுளம் போட் ஜெட்டி!" என்றார்.

மாராத்தாள் எழுதியதை அவளாலேயே வாசிக்க முடியாது. ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் அதை வாசித்துவிட்டார்.

"சேச்சி, இந்தப் படகு வைப்பின் போகும். எர்ணாகுளம் போகாது" என்று அவர் தெரிந்த தமிழில் சொன்னார். எர்ணாகுளம் படகு எங்கே நிற்கும் என்று கை காட்டினார். மாராத்தாள் நோட்டிலிருந்த எண்ணைக் காட்டினாள். அவர் தன் கைப்பேசியில் கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

கடிகாரம் 4.25 காட்டியது. இங்கேயே தேடிச் சுற்றுவதா, பேசி வைத்த இடத்துக்குப் போவதா? மாராத்தாள் ஒரு நொடி யோசித்தாள். "நான் படகுல போறேனுங்க. அவங்க கூப்பிட்டா சொல்லிருங்க" என்றாள்.

நடந்து போய் எர்ணாகுளம் படகுத்துறையைக் கண்டுபிடித்தாள். டிக்கெட் வாங்கும் முன் மறுபடியும் நோட்டைக் காட்டிக் கேட்டாள். "எர்ணாகுளம்தான்" என்று சொன்ன பிறகே படகில் ஏறினாள்.

இதற்குள் மற்றவர்கள் முந்திய படகில் எர்ணாகுளம் போய் இறங்கியிருந்தார்கள். தலை எண்ணினால் எட்டுதான் வந்தது. முன்னால் போனவர்கள் அவள் பின்னால் வருகிறாள் என்று நினைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவள் முன்னால் போய்விட்டாள் என்று நினைத்தார்கள். சரசுவுக்கு அழுகை வந்தது. கைப்பேசியைப் பார்த்தாள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்திருந்தது. திருப்பிக் கூப்பிட்டாள். "அம்மா போட்டில் வருது" என்றார் இளநீர்க் கடைக்காரர்.

5 மணிக்கு இன்னும் 3 நிமிடம். மாராத்தாள் படகிலிருந்து இறங்கி, டிக்கெட் கொடுக்கும் இடத்துக்கு முன்னால் வந்து நின்றாள். சரசு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "மன்னிச்சிருங்கக்கா. படகு ஏறறதுக்கு முன்னாடி நான் தலையை எண்ணலை" என்றாள்.

"எண்ணத் தெரிஞ்சா மட்டும் பத்தாது கண்ணு. எண்ணோணும்" என்றாள் மாராத்தாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

ஒரு செய்தி

எர்ணாகுளம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1990ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அது இந்தியாவின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று கற்பித்தார்கள். கூலி வேலை செய்வோரும் மீனவரும் முதியோரும் படித்தார்கள். அடுத்த ஆண்டே கேரளம் முழுவதும் அந்த நிலையை எட்டியது. அங்கே தொடங்கிய வழியைப் பின்பற்றித்தான் மற்ற மாநிலங்களிலும் எழுத்தறிவு இயக்கங்கள் நடந்தன. மாராத்தாள் கையில் இருந்த நோட்டுக்கும் அந்த ஊருக்கும் உறவு உண்டு.

நினைவில் வைப்போம்

1. வெளியூர் போகும்போது ஒரு கைப்பேசி எண்ணையாவது தாளில் எழுதி உடம்போடு வைத்துக்கொள்வோம்.

2. தவறிப் போனால் சேர வேண்டிய இடத்தையும் நேரத்தையும் முன்பே முடிவு செய்வோம்.

3. வண்டியிலோ படகிலோ ஏறும் முன்பும் இறங்கிய பின்பும் தலையை எண்ணுவோம்.

4. கூட்டம் ஏறுகிறது என்று ஏறக்கூடாது. படிப்போம். படிக்க முடியாவிட்டால் கேட்போம்.

5. எந்த இடத்துக்கு எந்த நாள் விடுமுறை என்று கேட்டுக்கொண்டு புறப்படுவோம்.

பயிற்சி

அ. விடை எழுதுங்கள்.

1. கொச்சிக்குத் துறைமுக வணிகம் எப்படி வந்தது?

2. எர்ணாகுளத்தில் உள்ள இரண்டு ரயில் நிலையங்களின் பெயர்கள் என்ன?

3. மாராத்தாள் மிதவைப் படகில் ஏறாமல் நின்றது ஏன்?

ஆ. கணக்குப் போடுங்கள்.

மட்டாஞ்சேரி தொழுகைக்கூடம் 1568இல் கட்டப்பட்டது. இன்று அதற்கு எத்தனை வயது?

இ. பேசுங்கள்.

நீங்கள் வழி தெரியாமல் தவித்தது உண்டா? அப்போது என்ன செய்தீர்கள்? இன்று என்ன செய்வீர்கள்? பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவர் கதையையும் கேளுங்கள்.