மேலே வரும் பணம் யாருக்கு?

கேள்வி: திருச்சி உறையூரில் என் பெயரில் உள்ள வீட்டை விற்றுவிட்டு, சென்னையில் மகளோடு போய் இருக்கலாம் என்று நினைக்கிறேன். கணவர் இல்லை. 58 லட்சத்துக்கு விற்றுத் தரும்படி தெரிந்த புரோக்கரிடம் சொன்னேன். கமிஷன் இரண்டு சதவீதம் என்று வாய்ப்பேச்சு. மூலப் பத்திரத்தையும் வாங்கிப்போனார். வீடு பார்க்க வந்த தம்பதியிடம் பேசியபோது, அவர்களிடம் 63 லட்சம் சொல்லியிருப்பது தெரிந்தது. கேட்டால், "மேல வர்றது என் சாமர்த்தியம்மா, தொழில்ல இதெல்லாம் சகஜம்" என்கிறார். பவர் எழுதித் தந்தால் நான் அலைய வேண்டியதில்லை என்றும் சொல்கிறார். வேறு ஆளை வைத்துக்கொள்ளலாமா? இவருக்குக் கமிஷன் தந்தாக வேண்டுமா?
— வாசகி, திருச்சி

பதில்: அம்மா, அந்த 5 லட்சம் உங்கள் பணம். ஊரில் எத்தனை பேர் செய்தாலும் அது அவருடையதாகிவிடாது.

விற்றுத் தரச் சொல்லி நீங்கள் ஒப்படைத்து, அவரும் ஒப்புக்கொண்டபோதே, 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி அவர் உங்கள் முகவர் ஆகிவிட்டார். அதற்கு எழுத்து தேவையில்லை. உங்களுக்காக வாங்கும் தொகையை முகவர் உங்களிடம் சேர்க்க வேண்டும் என்கிறது 218-ஆவது பிரிவு. உங்களுக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்து லாபம் பார்த்தால், அதை நீங்கள் கேட்டு வாங்கலாம் என்கிறது 216. நாணயம் தவறிச் செய்த வேலைக்கு ஊதியம் கேட்க அவருக்கு உரிமையில்லை என்கிறது 220. எனவே கமிஷன் தர மறுக்க உங்களுக்கு இடமுண்டு.

ஆனால் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். "என் கைக்கு 58 வந்தால் போதும், மேலே வருவதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று எப்போதாவது சொன்னீர்களா? வீடு விற்பவர்கள் பலர் அலுப்பில் இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். சொல்லியிருந்தால், தெரிந்தே சம்மதித்தீர்கள் என்று அவர் வாதாடுவார். உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

இன்னொன்று, மேலே வாங்கும் பணம் பெரும்பாலும் கிரயப் பத்திரத்தில் ஏறாது, ரொக்கமாகக் கைமாறும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்குபவருக்கும் நஷ்டம்தான். நாளை அவர் விற்கும்போது பத்திரத்தில் உள்ள 58 லட்சம்தான் அடக்கவிலை. கொடுத்த 5 லட்சத்துக்கும் சேர்த்து வரி கட்ட நேரும். அந்தத் தம்பதியிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள்.

வேறு ஆளை வைக்கத் தடையில்லை. இவருடைய பொறுப்பை ரத்து செய்வதாகவும், மூலப் பத்திரத்தைத் திருப்பித் தரும்படியும் ஒப்புகையுடன் விரைவுத் தபால் அனுப்புங்கள். தர மறுத்தால் நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். அந்தத் தம்பதிக்கே நீங்கள் விற்றால், ஆளைக் கொண்டுவந்தவன் நான்தான் என்று கமிஷனுக்கு வருவார். வழக்கமாக அந்த வாதத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்புண்டு. அதனால் 63 லட்சம் சொன்னதற்கான வாட்ஸ்அப் செய்தி ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பவர் மட்டும் வேண்டவே வேண்டாம். பதிவு செய்த பவரை வைத்து அவர் அட்வான்ஸ் வாங்கினாலும், ஒப்பந்தம் போட்டாலும் அது உங்களைக் கட்டும்.

புதியவரைத் தேடும்போது தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண் உள்ளவரா என்று பாருங்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியிருப்பது ஆணையத்தில் பதிவான மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்றுத் தரும் முகவர்களுக்கு. உங்களுடையதுபோன்ற பழைய தனிவீட்டுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. இருந்தாலும் பதிவு உள்ளவரை நான் விரும்புவேன். ஏமாற்றினால் இழக்க அவரிடம் ஒன்று இருக்கிறது.

முதல் சந்திப்பிலேயே, "வாங்குபவரிடமும் கமிஷன் வாங்குவீர்களா?" என்று கேளுங்கள். பிறகு ஒரு தாளில் விலை, கமிஷன், எத்தனை மாதத்துக்கு என்பதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பதிவு நாளில்தான் கமிஷன் என்பதும் அதில் இருக்கட்டும். அட்வான்ஸ் உங்கள் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும். கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள், தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் அது கட்டாயம்.

விற்பனை இன்னும் முடியவில்லை என்பது உங்கள் நல்ல காலம். தம்பதியை மகள் முன்னிலையில் நேரில் உட்காரவைத்து விலை பேசுங்கள். மூலப் பத்திரம் கைக்கு வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.